பணிமூப்பு

சாட்சிக் கூண்டுவரை அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் சின்ன மருமகன். ஏறும்போது அவள் காதில் குனிந்து ஏதோ சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள்.

"பாத்தீங்களா, கடைசி நேரத்துலகூட சொல்லிக் குடுக்கிறாரு. சோறு போடுற வீட்டுப் பக்கம்தானே சாட்சி சாயும்?" என்று பின்வரிசையில் இருந்த ஓவிய டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். பாதிப் பள்ளிக்கூடம் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

வழக்கு இதுதான். பெரியவளும் சின்னவளும் இரட்டைப் பிறவிகள். முகம் ஒரே அச்சு. ஒரே பள்ளியில் ஒரே நாளில் ஆசிரியைகளாகச் சேர்ந்தவர்கள். தலைமையாசிரியை நாற்காலி காலியானதும் நிர்வாகம் அதில் சின்னவளை உட்கார வைத்தது. பெரியவள் கோர்ட்டுக்குப் போய்விட்டாள். தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே ஒரே வயிற்றில் கிடந்தவர்களே வாயும் வழக்குமாக நின்றார்கள்.

சின்னவள் தரப்பு முதலில் பெரியவளின் படிப்பைத்தான் பிடித்துக்கொண்டது. தபாலில் படித்து வாங்கிய பட்டம் இந்தப் பதவிக்குத் தகுதியாகாது என்று வாதாடிப் பார்த்தது. நீதிபதி ஏற்கவில்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கே பதவி என்பது விதி. பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருந்தது, நேரம் இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, பெற்றவளே வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

தபால் பட்டம் என்ற பேச்சைக் கேட்ட அன்றைக்கே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்றபோது, "நீ மூத்தவ, விட்டுக் குடு" என்று சொன்னது அவள்தானே. அதற்கு முன்னால் ஜன்னலோர இடத்துக்கும் புது சைக்கிளுக்கும் அதே பேச்சுதான். பெரியவள் ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் அம்மாவின் மனசு இப்படிக் கிடந்து அறுத்துக்கொண்டிருக்காது.

பெரியவளின் வக்கீல் ஒரு பழைய போட்டோவை நீட்டினார். "அம்மா, பாய்ல படுத்திருக்கிறது உங்க பிள்ளைங்கதானே? இதுல பெரியவ எது?"

அம்மா வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். "படம் மங்கிப் போச்சுங்க."

படம் அவ்வளவொன்றும் மங்கவில்லை. தான் கூப்பிட்ட சாட்சியே தன்னைக் கவிழ்த்துவிடும்போல் இருக்கிறதே என்று வக்கீலுக்கு வியர்த்தது. "சரி, வீட்டுல யாரைப் பெரியவன்னு கூப்பிடுவீங்க?"

"அதோ, அவளைத்தான்."

சின்னவளின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கூப்பிடுறதெல்லாம் சாட்சியம் ஆகாதுங்கய்யா. எங்க பக்கத்து வீட்டு நாயைக்கூட ராஜான்னுதான் கூப்பிடுறாங்க."

சிரிப்பு அடங்கியதும் நீதிபதி அம்மாவின் பக்கம் திரும்பினார். "இன்னதுதான் சொல்லணும்னு யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லீங்கய்யா. படி இருக்கு, பாத்து ஏறுங்கன்னுதான் மாப்பிள்ளை சொன்னாரு."

அதற்குமேல் பெரியவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேவிட்டாள். "மூத்தவ மூத்தவன்னு சொல்லித்தானேம்மா எங்கிட்ட இருந்து எல்லாத்தையும் வாங்கினே? மூத்தவளாப் பொறந்ததுக்கு எனக்குன்னு கிடைக்கப்போறது இது ஒண்ணுதான். வாயைத் திறந்து சொல்லேன்."

நீதிபதி அவளை உட்காரச் சொன்னார். சின்னவள் தலை குனிந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "பெத்தவங்களுக்குத் தெரியாததா? முதல்ல பிறந்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் நீதிபதி.

அம்மா கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெரியவளையே பார்த்தாள்.

"என்னை மன்னிச்சிடு கண்ணு."

"நான் சொல்லல?" என்று ஓவிய டீச்சர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். சின்னவளின் வக்கீல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெரியவள் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"முதல்ல பொறந்தவ கையில, அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டியிருந்தேங்கய்யா" என்றாள் அம்மா. "குளிப்பாட்டுறப்போ அது தண்ணியோட போயிடுச்சு. பெத்தவளுக்கே எது எதுன்னு தெரியலேன்னா ஊர் சிரிக்குமேன்னு, இவங்க அப்பாகிட்டகூட மூச்சு விடல. நானா ஒருத்தியைப் பெரியவன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அதுவே நிலைச்சுப் போச்சு."

சின்னவள் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவங்கதான் பெரியவங்கன்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் பசியில வீல்னு கத்திக்கிட்டுக் கிடந்துச்சுங்க. எது முதல்ல அழுகையை நிறுத்துச்சோ, அதைப் பெரியவன்னு வச்சுக்கிட்டேன்."