ஏழு மணித் தாமரை

கப்பல் ஏறிய முதல் நாளே வென்-ஹுய்க்குத் தன் நாத்தனார் யூலான்மீது எரிச்சல் வந்துவிட்டது. காரணம், இணையம்.

கப்பலில் ஆளுக்கொரு இணைய இணைப்பு வாங்கினால் பயணச்செலவில் பாதி அதற்கே போய்விடும். ஆகவே ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே இணைப்பு போதும் என்று வென்-ஹுய் முடிவு செய்திருந்தாள். ஒருவர் வெளியேறினால்தான் அடுத்தவர் தன் கைபேசியில் நுழைய முடியும். மற்ற நேரங்களில் எல்லாருடைய கைபேசியும் ஃப்ளைட் மோடில் இருக்க வேண்டும். அறைக் கண்ணாடியில் ஒரு நேர அட்டவணையும் ஒட்டினாள். காலை ஏழு முதல் ஏழரை வரை யூலான். ஏழரை முதல் எட்டு வரை அவள். பிறகு கணவன் சிங்-யுவானும் இரண்டு மகள்களும்.

தனக்கான அந்த அரைமணி நேரத்தை நம்பித்தான் வென்-ஹுய் இந்தப் பயணத்துக்கே சம்மதித்தாள். அவளுடைய அப்பா ஷுய்-மூவுக்கு எழுபத்தொன்பது வயது. தைவானின் தைதுங் ஊரில் தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதி வேறு. "போய்ட்டு வாம்மா. தினம் காலையில ஒரு ஃபோன் பண்ணு, அது போதும்" என்று அவர்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தார்.

யூலான் தன் அரைமணியில் செய்தது ஒன்றே ஒன்றுதான். தாமரைப் படம், அதன்மேல் பெரிய எழுத்தில் 'காலை வணக்கம்'. அதை ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டிருந்தாள். தைவானில் ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் இருக்கும் பழக்கம் அது. இளையவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். யூலான் அனுப்பும் பூக்களின் சத்தத்தை வென்-ஹுய் நிறுத்தி நான்கு வருடங்களாகின்றன.

முதல் நாள் யூலான் பத்து நிமிடம் தாமதித்தாள். இரண்டாம் நாள் பதினைந்து.

சிங்-யுவான் அக்காவைக் கண்டிப்பதற்குப் பதிலாகச் சிரித்தான். "கப்பல் கவிழ்ந்தாகூட, எங்க அக்கா எல்லாருக்கும் பூ அனுப்பி முடிச்சிட்டுத்தான் மிதவைச் சட்டையைத் தேடுவா."

மூன்றாம் நாள் கப்பல் ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. நான்கு பக்கமும் கடல்தான். வென்-ஹுய் ஏழரைக்கே மேல்தளத்துக்குப் போய் நின்றாள். யூலான் ஒரு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

எட்டு மணியாயிற்று. இன்னும் ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை, வந்ததும் விட்டுவிடுகிறேன் என்றாள். எட்டேகாலுக்கும் அதையே சொன்னாள். காலை உணவுக்கு எடுத்து வைத்திருந்த அரிசிக் கஞ்சி அவள் அருகில் ஆறி ஏடு படர்ந்திருந்தது.

எட்டரைக்கு வென்-ஹுய்யின் பொறுமை தீர்ந்தது.

"அக்கா, நானும் மூணு நாளாப் பாக்கறேன். யாரோ ஒருத்தர் உங்க பூவைப் பாக்கலைங்கறதுக்காக எங்கப்பா அங்க ஃபோனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? வயசானவர். பயந்துட மாட்டாரா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யூலான் கைபேசியை விடவில்லை. அவள் திரையை இன்னும் வேகமாகத் தட்டுவதை வென்-ஹுய் அப்போதுதான் கவனித்தாள். கோபம்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

கைபேசி மெல்ல ஒலித்தது.

யூலான் திரையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். மடியிலிருந்த தாள் நழுவி விழ, வென்-ஹுய் அதை எடுத்தாள்.

நாற்பத்தொரு பெயர்கள். யூலான் ஓய்வுபெறும்வரை தபால்காரியாக ஸ்கூட்டரில் சுற்றிய தெருக்களின் முகவரிகள்தான் பெரும்பாலும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'தனியாக' என்ற சொல்லும் வயதும். அடுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் எண். கடைசியில், இன்று பதில் வந்ததற்கு அடையாளமாக ஒரு டிக்.

யூலானின் திரையில் அந்தப் பதில்கள் வரிசையாக நின்றன. ஒருவர் தன் பூனையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒருவர் சோயாப்பால் கிண்ணத்தை. தட்டச்சு தெரியாத ஒருவர் வெறும் புள்ளி ஒன்றை வைத்திருந்தார். நான் இன்றும் எழுந்துவிட்டேன் என்பதற்கு அந்தப் புள்ளி போதும்.

வென்-ஹுய் கடலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். கரையே தெரியாத இந்தத் தண்ணீரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பெண்மணி தினமும் நாற்பத்தொரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கா நேரக்கணக்குப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டே தாளிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிக் விழாமல் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தாளின் கடைசி வரி. ஷுய்-மூ, தைதுங், எழுபத்தொன்பது.

யூலான் கைபேசியை அவள் கையில் வைத்தாள். அப்பாவின் அடுத்த வீட்டு நூடுல்ஸ் கடைக்காரர் அனுப்பிய படம். மருத்துவமனைக் கட்டில், நெற்றியில் கட்டு, ஆனாலும் அப்பா வழக்கம்போல இரண்டு விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"குளியலறையில வழுக்கி விழுந்திருக்கார். சர்க்கரை இறங்கிடுச்சாம், இப்ப நல்லா இருக்கார், பேசு" என்றாள் யூலான். "நடுக்கடல்ல உன்னால அழறதைத் தவிர என்ன பண்ண முடியும், வென்-ஹுய்? அதான், நான் சொல்லி நூடுல்ஸ் கடைக்காரர் கதவை உடைச்சு அவரை ஆஸ்பத்திரியில சேக்கறவரைக்கும் உன்கிட்ட லைனைக் குடுக்க எனக்கு மனசு வரலை."