நடுவில் நின்ற முள்

ஒரு பழைய வேனின் டாஷ்போர்டில் ஒரு சூட்டு முள் இருந்தது. இஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று டிரைவருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் இஞ்சினை அது பார்த்ததே இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒயர் வழியாகச் சொல்வதைத்தான் அது கேட்டு நடக்கும்.

பெட்டி எப்போதும் ஒன்றையேதான் சொல்லும். "ஒண்ணுமில்ல. நடுவுலயே நில்லு."

முள்ளும் நடுவில் நின்றபடி கனவு காணும். அதன் கனவில் இஞ்சின் ஒரு குளம். அதில் அல்லி பூத்துக் கிடக்கும்.

அன்று வேன் மேகத்துக்குள் மலையேறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ தீய்ந்த வாடை வந்தது.

"அண்ணே, இஞ்சின் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டது முள்.

"கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். நீ அசைஞ்சா டிரைவர் வீணா பயப்படுவார்."

முள் அசையவில்லை. அடுத்த வளைவு தாண்டியதும் பெட்டி அலறியது. "ஓடு! சிவப்புக்கு ஓடு!"

முள் ஓடிப்போய் சிவப்பின் கடைசியில் முட்டி நின்றது. வேன் ஓரங்கட்டியது. கண்ணாடிக்கு முன்னால் எழுந்தது மேகமில்லை, இஞ்சினின் ஆவி என்று முள்ளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே!"



டிரைவர் மரியசூசை நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்திலிருந்தே அப்படித்தான் தடவிக்கொண்டு வந்தார். போன் அடித்தது.

"நெஞ்சு வலி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கேன்."

முள் அதைக் கேட்டது. இன்னும் மேலே போகப் பார்த்தது. அதற்கு மேல் இடமில்லை.