என்ன வெர்ஷனுங்க?

"மறுபடியும் சேலத்துக்குப் போன் பண்ணோணுமா? ஏம்புள்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே?"

கொல்லிமலை செம்மேட்டு மிளகு மண்டி முதலாளி அருள்பிரகாஷ் போட்ட சத்தத்தில், மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள் ரெண்டடி பின்னால் போனார்கள்.

"நான் என்னங்கண்ணா பண்றது? புரோகிராம் ஒரே ஒரு சின்னுசாமியைத்தான் எடுத்துக்குது. நமக்கு மிளகு போடறவங்கள்ல பதினோரு சின்னுசாமி இருக்காங்க. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க," என்றாள் மண்டிக் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் சங்கீதா.

"சின்னுசாமி!"

வரிசையில் நாலு பேர், "ஏனுங்க?" என்றார்கள்.

அதற்கும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "எதுக்கெடுத்தாலும் மெஷின் மேல பழி! இன்னிக்கு நானே கேக்கறேன். தப்பு உன்னுதுன்னு அவங்க சொன்னாங்கன்னா, நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

சங்கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை விட்டால் மலையில் அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் வேலை ஏது?

புரோகிராம் எழுதிக் கொடுத்த சேலத்து சாஃப்ட்வேர் கம்பெனியில் சுரேந்தர் என்பவன் போனை எடுத்தான். அவன் குரல் ரிசீவரைத் தாண்டி மண்டி முழுக்கக் கேட்டது.

"முதல்ல என்ன வெர்ஷன்னு சொல்லுங்க சார்."

"வருஷமா? ரெண்டாயிரத்து ஒண்ணு. ஏனுங்க, உங்க ஆபீஸ்ல காலண்டர் இல்லீங்களா?"

"வருஷமில்லீங்க, வெர்ஷன்! புரோகிராமுக்கு ஒரு நம்பர் இருக்கும். இப்ப ஓடிட்டிருக்குதுங்களா?"

"எங்கீங்க ஓடுது? வெச்ச எடத்துலயேதான் இருக்குது."

அழுகைக்கு நடுவிலும் சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் பாக்கட்டுங்களாண்ணா?"

"நீ நகரு!"

"சார், மேல ஹெல்ப்னு இருக்கும். அதை அமுக்குனா கடைசியில அபௌட்னு வரும்."

"அபௌட்டா? டர்ன் பண்ணோணுங்களா?"

"ஐயோ, திரும்பாதீங்க சார். அதையும் அமுக்குங்க!"

அமுக்கினார். திரையில் சின்னதாக ஒரு கட்டம் திறந்தது. அருள்பிரகாஷ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வெர்ஷன் ரெண்டு புள்ளி மூணு. கீழ பொடி எழுத்துல இங்கிலீசு என்னமோ இருக்குதுங்க."

எழுத்துக்கூட்டி அதையும் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. அதில் இருந்தது இதுதான்: 'இந்த வெர்ஷனில் திருத்தப்பட்ட பதினாலு தவறுகளையும் கண்டுபிடித்துச் சொன்னவர் எம்.சங்கீதா, கொல்லிமலை. அவருக்கு எங்கள் நன்றி.'

"ஆமா சார், அத்தனையும் எங்க தப்புதான்," என்றான் சுரேந்தர். "ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்கன்னு நாங்க யோசிக்கவே இல்லை. அடுத்த வெர்ஷன்ல ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடற மாதிரி மாத்திடறோம். அப்புறம் சார், அந்த சங்கீதா இருக்காங்களா? இப்படி ஒரு ஆளைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம். இங்க வேலைக்கு வருவாங்களான்னு எங்க எம்.டி. கேக்கச் சொன்னார்!"

மண்டியே கைதட்டியது. சங்கீதாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அருள்பிரகாஷுக்கு மட்டும் வியர்த்துவிட்டது.

"ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கலீங்க. மலை மேல லைனே சரியில்லீங்க!" என்று கத்திவிட்டு டக்கென்று போனை வைத்தார்.

பிறகு தன் நாற்காலியைத் துண்டால் தட்டி, அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு கண்ணு. மெஷின் மேலதான் தப்புன்னு நான் அப்பவே சொன்னனில்ல!"