காலிக் கட்டம்

கண்ணெதிரே நடப்பதை இப்போதெல்லாம் எவனும் நம்புவதில்லை. சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டினால்தான் நம்புகிறான்.

இதை முனகிக்கொண்டேதான் முனியன் மாடிப்படி ஏறினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷமாகப் பிரஸ் ஓட்டுகிறவர். இந்தக் கம்பெனிக்கு வந்து எட்டு வருஷம். மீட்டிங் ரூமுக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

கீழே பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள். தகட்டைக் கையால் உள்ளே வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து இரும்பு இறங்கி வெட்டும்.

முனியனுடைய மெஷினில் மட்டும் ஒரு கம்பி வலைக் கதவு இருந்தது. பழைய சைக்கிள் கூடையை வெட்டி அவரே செய்தது. அதிலிருந்து ஒரு பிரேக் ஒயர் பெடலுக்குப் போகும். கை உள்ளே இருந்தால் கதவு மூடாது. கதவு மூடாமல் பெடல் இறங்காது. அவ்வளவுதான் சங்கதி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மாட்டிவிட்டார். மற்ற பதினொன்றுக்கும் போடச் சொல்லி இரண்டு தடவை கேட்டும் பார்த்தார். வேகம் குறையும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் பக்கத்து மெஷினில் வரலட்சுமியின் கண்ணாடி வளையல் சிக்கித் தூளாகிப் போனது. கை மயிரிழையில் தப்பியது. அவள் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம்தான் ஸ்வாதி முனியனிடம் வந்தாள். சேக்காட்டில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கும் புது இன்ஜினீயர், தென்காசிப் பெண். கதவைச் சும்மா கேட்டால் கொடுக்கமாட்டார்கள் அண்ணா, பிரசன்டேஷன் கொடுத்தால் கொடுப்பார்கள் என்றாள். முனியனுக்கு நம்பிக்கை இல்லை. வரலட்சுமியின் மெஷினுக்காவது கதவு வரட்டும் என்று தலையாட்டினார்.

ஐந்து நாள் கேன்டீனில் பாடம் நடந்தது. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். கடைசி வரிசைக்கும் தெரிகிற எழுத்து. சுவரைப் பார்த்துப் படிக்கக் கூடாது, ஆளைப் பார்த்துப் பேச வேண்டும். மூச்சு விட்டுப் பேச வேண்டும்.

எதிரே ஆள் இல்லாததால் முனியன் தண்ணீர் டிரம்மைப் பார்த்துப் பேசிப் பழகினார். டிரம் நன்றாகத்தான் கேட்டது.

ஸ்லைடில் எழுத்துகள் நான்கு பக்கத்திலிருந்தும் பறந்து வந்து உட்கார்ந்தன. இது கல்யாண வீடியோவா என்று கேட்டார். ஸ்வாதி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள்.

ஒன்றுதான் அவருக்கு வரவில்லை. பேசும்போது கை பாக்கெட்டில் இருக்கக் கூடாது என்று தினமும் சொன்னாள். இடது கை வெளியே வந்தது. வலது கை வரவில்லை. வேலை நேரத்தில் துணிக் கிளவுஸ், மற்ற நேரத்தில் பேன்ட் பாக்கெட், அதுதான் அவர் வழக்கம். ஒரு கட்டத்தில் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள்.

கடைசி ஸ்லைடில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் முன்பு, மற்றதில் பின்பு. பின்பு கட்டத்தில் கம்பி வலைக் கதவின் போட்டோ இருந்தது. முன்பு கட்டம் காலி. இரண்டு படமும் ஒரே மெஷினாக இருந்தால்தான் எடுபடும், ஐந்து நிமிஷம் கதவைக் கழற்றிவிட்டு, யாரையாவது கை வைக்கச் சொல்லி ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

“அத்த மட்டும் கழட்ட மாட்டேன் மேடம். கட்டம் காலியா கீதுன்னா காலியாவே இருந்துட்டுப் போவட்டும்.”

காலியாகவே இருந்தது.

ரூமில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முனியன் டிரம்மிடம் பேசியது போலவே பேசினார். இரண்டு பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஸ்லைடு வந்ததும் மேனேஜர் சம்பத் கையைத் தூக்கினார். முன்பு படம் எங்கே என்றார். முன்பு இல்லாமல் என்ன முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் ஒரு விரல்கூடப் போனதாக இல்லையே?

ஸ்வாதியின் முகம் சுண்டிப்போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

முனியன் திரைக்குப் பக்கத்தில் போனார். புரொஜெக்டர் வெளிச்சம் சட்டை மேல் விழுந்தது.

வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் நீட்டினார்.

காலிக் கட்டத்துக்குள் நிழல் விழுந்தது. கட்டை விரல், சுண்டு விரல். நடுவில் வெறும் வெளிச்சம்.

“இதான் சார் முன்ன. வேற கம்பெனி. இதே மாதிரி மெஷினு.”

போன்கள் கீழே இறங்கின. பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

சம்பத்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். இந்த வருஷத்திலேயே இதுதான் நல்ல பிரசன்டேஷன், அடுத்த மாதக் கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார் சம்பத். ஸ்வாதி மட்டும் தட்டவில்லை. அவள் இன்னும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனியன் தட்டுகிற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு விரல் குறையவில்லை.

சரி சார் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார்.

வரலட்சுமியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையில் புது வளையல்கள். முனியன் அவளுடைய மெயின் சுவிட்சை அணைத்தார். பிறகு தன்னுடையதையும் அணைத்தார். ஸ்பேனரை எடுத்து, எட்டு வருஷமாகத் தொடாத நட்டில் வைத்தார்.

மேலே என்ன சொன்னார்கள் என்று கேட்டாள் வரலட்சுமி.

“கை தட்னாங்க.”

கம்பி வலைக் கதவு கழன்று கையோடு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் மெஷினை நோக்கி நடந்தார்.