இரண்டு மாத்திரை

“கீழ எறங்குங்க. இந்த வண்டிய நீங்க ஓட்டக் கூடாது.”

கிளம்பத் தயாராக இருந்த கடையநல்லூர் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள் தங்கத்தாய். ஸ்டியரிங்கில் கை வைத்திருந்த காளிராஜுக்குத் தன் பெண்டாட்டியைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டதால் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா? வழிய விடு.”

“ஒங்களுக்கு மேலுக்கு சொகமில்ல. எறங்குங்க.”

“எனக்கென்ன, கல்லு மாதிரிதான் இருக்கேன்.”

கல்லாம் கல்லு. ஒரு வாரமாக உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, சொறிந்து சொறிந்து தோல் உரிந்த கல்லு. மாத்திரை என்றாலே காளிராஜுக்கு ஆகாது. கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு, கோமதியம்மன் பார்த்துக்கொள்வாள் என்பான். மனசு கேட்காமல்தான் தங்கத்தாய் நேற்று சேக் மைதீனின் மருந்துக்கடைக்குப் போனாள்.

“அலர்ஜி மாத்திரை, தாயி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவு ஒண்ணே ஒண்ணு குடு,” என்றார் அவர். “தூக்கம் ஆள அமுக்கிரும். முழுங்கிட்டு வண்டில கை வைக்க விட்டுராத.”

இன்றைக்குக் காளிராஜுக்கு லீவு. காப்பி என்றால் உயிரை விடுகிற மனுஷன். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகப் பொடித்து, மத்தியானக் காப்பியில் கலக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, குடத்தோடு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தம்ளர் காலி. ஆளையும் காணோம். மாற்று டிரைவர் வரவில்லை என்று, காலை டிரைவர் வேல்சாமி அண்ணாச்சி வந்து கூட்டிப்போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. டிரைவர் தூக்க மருந்து சாப்பிட்டான் என்று முதலாளி காதில் விழுந்தால் வேலை போய்விடும். சும்மா இருந்தால் பஸ் நிறைய உயிர் போய்விடும். எந்தப் பாவத்தைச் சுமப்பது? நகராமல் நின்றாள்.

படியில் கால் வைத்த மகபூப் பீவி, கைப்பிள்ளையோடு பின்வாங்கினாள்.

“டிரைவருக்கு என்னக்கா? புள்ளையோட வாப்பா துபாய்ல இருந்து இன்னைக்கு வாராக. இன்னும் இவன் மொகத்தக்கூட பாக்கல. ஏறலாமா, வேண்டாமா?”

கண்டக்டர் விசில் அடித்துப் பார்த்தார். தங்கத்தாய் பம்பரைப் பிடித்துக்கொண்டாள்.

காலை டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய வேல்சாமிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“ஏலே காளி, பொம்பளப்பிள்ள ரோட்டுல வந்து நிக்கா. எறங்கு. இந்த டிரிப்ப நான் ஓட்டுதேன்.”

“விடியக்காலம் இருந்து ஓட்டியிருக்கியளே அண்ணாச்சி.”

“ஒரு டிரிப்புதான. போயிட்டு வந்து தூங்கினா ஆச்சு,” என்று கொட்டாவி விட்டபடி ஏறி உட்கார்ந்தார் வேல்சாமி.

காளிராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். தங்கத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளே பிள்ளையை வாங்கிக்கொண்டு மகபூப் பீவியை ஏற்றிவிட்டு, டிரைவருக்குப் பின்சீட்டில் இடமும் பிடித்துக் கொடுத்தாள்.

“இனிமே பயமில்ல தாயி. தைரியமாப் போ.”

பஸ் புறப்பட்டுக் கண்ணுக்கு மறைந்தது.

“ஊர் சிரிக்க வச்சிட்டியே. அப்படி எனக்கு என்ன சீக்கு கண்டுட்ட?” என்று காளிராஜ் பாய்ந்தான்.

“கோவப்படாதிய. மத்தியானக் காப்பியில அலர்ஜி மாத்திரை ரெண்டு கலந்திருந்தேன். தூக்கம் வந்துரும், வண்டி ஓட்டக் கூடாதுன்னு மைதீன் அண்ணாச்சி சொன்னாக. அதான் பயந்துட்டேன்.”

காளிராஜின் முகம் வெளுத்துவிட்டது. அவன் பஸ் போன திசையைப் பார்த்தான்.

“அடிப்பாவி. இந்த அரிப்பு நிக்கணும்னு, தபசு முடியுத வரைக்கும் காப்பி தொடமாட்டேன்னு காலையிலதான் அம்மன்கிட்ட நேந்துக்கிட்டு வந்தேன். நீ ஏசுவேன்னு சொல்லல. அந்தக் காப்பிய, என்னக் கூப்பிட வந்த வேல்சாமி அண்ணாச்சிக்குல்லா குடுத்தேன்.”