செவலைக்கு வந்த சொறி

திண்டிவனம் மாட்டாஸ்பத்திரியில் மல்லாட்டைக் கடலை வியாபாரி சாந்திநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மண்டியில் எவரையும் மடக்கிவிடும் வாய், குட்டி போட்ட பெட்டை நாய் செவலை படும் பாட்டைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தது.

டாக்டர் நாயைப் புரட்டிப் பார்த்தார். அடிவயிறு சிவந்து, தொடையிடுக்கில் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தது.

“உண்ணிக்கடிங்க. சொறியற வேகத்துல குட்டிங்களைப் பால் குடிக்க விடாது. இப்படியே போனா ஒரு குட்டியும் தங்காது.”

“அதாங்க பேஜாரு! எங்க வீட்டுக்காரம்மா தெனம் ஒக்காந்து ஒண்ணு விடாம பொறுக்கிடறாங்க. விடிஞ்சா அத்தினியும் திரும்ப ஏறிக்கினு நிக்குது.”

“இந்தப் பவுடரைத் தூவுங்க. எல்லாம் செத்துடும்.”

சாந்திநாதன் காதைப் பொத்திக்கொண்டார். “நாங்க சமண நயினாருங்க, உசுரைக் கொல்லக் கூடாது. உண்ணியும் சாவாம நாயும் பொழைக்கிறாப்பல ஒரு மருந்து குடுங்களேன்.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “சரி, பொறுக்கின உண்ணியை எங்கே விடறீங்க?”

“நாயி படுக்கிற சாக்குலதான்.”

“அங்கேயேவா? அது ஏங்க?”

“வேற எங்க விட்டாலும் பட்டினி கெடந்து செத்துடுமே டாக்டர்!” என்றார் சாந்திநாதன், கண் கலங்க.