பூட்டியிருந்த வீடுகள்

‘விவேக் நகரில் தகுதி இருந்தும் விதவை பென்ஷன் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்?’

எம்.எல்.ஏ. ஒருவர் சட்டசபையில் கேட்ட கேள்வி, படிப்படியாக இறங்கி கிளார்க் நோராவின் மேஜைக்கு வந்திருந்தது. நாளை மந்திரி படிக்கப்போகும் பதில், அவள் எழுதுவதுதான்.

“யாரும் இல்லைன்னு எழுதும்மா,” என்றார் அதிகாரி கோவிந்தப்பா.

“முப்பத்தேழு பேர் இருக்காங்க சார். அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“சர்வேல வீடு பூட்டியிருந்துச்சு. ஊர்லயே இல்லைன்னுதானே பேரை எடுத்தோம்?”

“சர்வேக்குப் போனது காலையில பதினோரு மணிக்கு. அப்ப அவங்கல்லாம் யார் வீட்லயோ பாத்திரம் தேய்ச்சிட்டு இருப்பாங்க. இந்த வாரம் பூரா சாயங்காலத்துல போனேன். முப்பத்தேழு பேரும் கதவைத் திறந்தாங்க.”

“மந்திரி சபையில தலைகுனியணுமா? சும்மா தகராறு பண்ணாம மாத்தி எழுது.”

“மாட்டேன் சார்.”

கோவிந்தப்பாவுக்கு முகம் சிவந்தது.

“அப்படியா? பூட்டைப் பார்த்துட்டு வந்து பேரை எடுத்த சோம்பேறி யாருன்னும் சேர்த்து எழுது. சஸ்பெண்ட் ஆகட்டும். கூட வேலை செய்றவங்க வயித்துல அடிக்க உனக்கு தைரியம் இருக்கா?”

“எழுதிட்டேன் சார். ரெண்டாவது பக்கம் பாருங்க.”

அவர் வேகமாகப் பக்கத்தைத் திருப்பினார். குரல் இறங்கியது.

“நோரா... இது உன் பேரும்மா!”

“ஆமா சார். முப்பத்தேழு வாசல்ல நின்னு உங்க பேரை நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சபையில சொல்றதுக்கு என்ன பயம்?”